மூன்றடி உயரத்தில் தாம்பரம்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில், மார்கழிக் காலை ஆறே முக்கால் மணிக்கு, காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் சுவரோரமாகக் குத்துக்காலிட்டபடியே நகர்ந்துகொண்டிருக்கிறார். இரண்டு எட்டு வைக்கிறார். நிற்கிறார். சுவரை முறைக்கிறார். தலையை ஆட்டிவிட்டு இன்னும் இரண்டு எட்டு. பால் பாக்கெட் ஏற்றிய குட்டியானை வேனை ஓட்டி வந்தவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்க்கிறார்.

“இன்னாக்கா, கம்மல் வுழுந்துச்சா?”

“கம்மல் காதுலதான் கீது. நீ ரோட்ட பாத்துப் போ.”

சந்திரிகாவுக்கு நாற்பத்தொரு வயது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறார். அன்று அவர் தேடியது கம்மலை அல்ல. நின்றுகொண்டு பார்த்தால் சுவருக்கு அப்பால் தண்ணீரும் பறவையுமாக அத்தனை அழகு. சுவர் பெரியவர்களுக்கு நெஞ்சளவு. மூன்று வயதுக் குழந்தைக்கோ அது வெறும் சிமெண்ட். அந்தக் குழந்தையின் கண்ணுக்கு இந்த நீளச் சுவரில் எங்கேயாவது ஒரு வழி இருக்குமா என்பதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். இருநூறு அடி தள்ளி இருந்தது. இரண்டு சுவர்த் துண்டுகள் சேராமல் விட்ட இடத்தில் இரண்டு சாண் அகலத்துக்கு இடைவெளி, நடுவில் கம்பிகள். முகத்தைக் கம்பியில் வைத்துப் பார்த்தார். கோரை, தண்ணீர், அதற்கும் அப்பால் வெளிர் ரோஜா நிறத்தில் நூற்றுக்கணக்கான ஒல்லிக் கால்கள். “யம்மாடி!” என்று அவர் வாய்விட்டுச் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

சந்திரிகாவின் ஆட்டோவில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பியில், சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறது. அவருடைய மகள் ப்ரியாவின் கண் உயரம் அது, மூன்று வயதில். ப்ரியா இப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கோடு அங்கேயே நின்றுவிட்டது. புது இடம் பார்க்கப் போகும்போதெல்லாம் சந்திரிகா வண்டியைவிட்டு இறங்கி அந்தக் கோட்டுக்கு எதிரே குத்துக்காலிட்டு, கண்ணை அதற்கு நேராக நிறுத்துகிறார். முழங்கால் எவ்வளவு மடங்கியது என்று தொடைக்குத் தெரிந்த பிறகு, அந்த மடக்கு குலையாமல் இடம் முழுக்கச் சுற்றி வருகிறார். கால் வலிக்காதா என்று கேட்டால் சிரிக்கிறார். “எனுக்கு எங்க வலிக்குது? பாக்குறவனுக்குத்தான் வலிக்குது.”

இந்தப் பழக்கம் வேலையோடு வந்தது. கணவர் வெற்றிவேலுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஆட்டோ வாங்கியபோது ப்ரியாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. குழந்தையையும் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டினார். ஒரு சவாரிக்கும் அடுத்த சவாரிக்கும் நடுவே அரைமணி, முக்கால் மணி நேரம் பிள்ளையை அழாமல் வைத்திருக்க வேண்டும். அப்படித் தேடித் தேடிச் சேர்ந்தவைதான் பிள்ளைகளுக்கான அவருடைய இடங்கள். ஊரே பார்த்த மிருகக்காட்சிசாலையும் கடற்கரையும் மாலும் அவர் கணக்கில் வராது. “அதெல்லாம் போர்டு வச்சு கூப்புட்ற எடம். போர்டு இல்லாம எவ்ளோ கீது தெரியுமா?”

எவ்வளவோ இருக்கிறது. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் தடுப்புக் கம்பி ஒன்று வளைந்திருக்கும். அங்கிருந்து பார்த்தால் ரயில் பெட்டிகள் வரிசையாகக் குளிப்பது தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகர் டீக்கடை ஒன்றின் படியில் உட்கார்ந்தால், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய லாரிகள் கண்ணெதிரே திரும்பும். கறுப்பு எத்தனை, வெள்ளை எத்தனை என்று எண்ணிக்கொண்டே ஒரு டம்ளர் பால் உள்ளே போய்விடும். குரோம்பேட்டைப் பக்கம் மீன் வண்டிகளுக்கு ஐஸ் ஏற்றும் கம்பெனி ஒன்று. பாளம் பாளமாக ஐஸ் பலகையில் வழுக்கி வரும். உடைந்த துண்டைத் தொட்டுப் பார்க்கவும் விடுவார்கள். மாடம்பாக்கம் ஏரிக்கரையில் காலை ஒன்பது மணிக்கு நின்றால் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே வட்டமடிக்கும்.

ஓர் இடம் பட்டியலில் சேர மூன்று நிபந்தனை. ஏதாவது ஒன்று அசைய வேண்டும். கூப்பிடு தூரத்தில் சுத்தமான கழிப்பறை இருக்க வேண்டும். மூன்றாவதை அவர் விரல் நீட்டிச் சொல்கிறார்: “தூக்கிக் காட்டுற எடம் எடமே கெடியாது. நீ தூக்குனா அது உன் ஒயரத்துல பாக்குது. அது ஒயரத்துல அது பாக்கணும்.” பெருங்களத்தூர் மேம்பாலத்திலிருந்து தெரியும் சூரிய அஸ்தமனத்தை இந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட்டார். அங்கே கைப்பிடிச் சுவர் கோட்டுக்கு மேலே நாலு விரல்.

கல்யாணத்துக்கு வந்து மண்டபத்தில் நாள் முழுக்க அடைபட்ட குடும்பங்கள், சாயங்கால ரயிலுக்குக் காலையிலேயே அறையைக் காலி செய்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து அடுக்குமாடி வீட்டில் பொழுது போகாமல் தவிக்கிறவர்கள் என்று, பிள்ளையை எங்கே கூட்டிப் போவதெனத் தெரியாதவர்களிடையே இவர் கைபேசி எண் கைமாறிப் போகிறது. பின்சீட்டில் எந்நேரமும் ஒரு குழந்தை இருப்பதால் ஸ்டாண்டில் சக ஓட்டுநர் ஜாய்சன் இவரைக் கேலி செய்யாமல் விடுவதில்லை. “வழிவிடு மச்சான், பால்வாடி வண்டி வருது. அக்கா, இன்னிக்கு முட்டை உண்டா?” சந்திரிகாவும் விடுவதில்லை. “உண்டுடா. மொதல்ல மூக்கத் தொடச்சிகினு வா.”

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. பெரியவர்களை அதட்டுகிறார். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா அம்மா விளக்கம் சொன்னால் முறைக்கிறார். போட்டோ எடுக்கத் திரும்பி நிற்கச் சொன்னால் கைபேசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். ஏதாவது ஒரு குழந்தை கொட்டாவி விட்டுவிட்டால் அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்குவதில்லை. பெயர்களில் அக்கறையே கிடையாது. கூழைக்கடா அவருக்குப் பை கொக்கு. பூநாரை ரோஸ் கொக்கு. சனிக்கிழமைதோறும் பைனாகுலரோடு பள்ளிக்கரணைக்கு வரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஸ்ரீரங்கன் இதைத் திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

“அது கொக்கே இல்லேம்மா. பூநாரை. வலசை வர்ற பறவை.”

“பேர வச்சிகினு இன்னா சார் பண்றது? பாக்க வந்தமா, கூப்புட வந்தமா?”

எங்கே போகிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. அது அவர் அடிபட்டுக் கற்றது. மாடம்பாக்கம் சிவன் கோயிலின் கருவறையைப் பின்பக்கமிருந்து பார்த்தால் யானை படுத்திருப்பதுபோல முதுகு வளைந்திருக்கும். புனேயிலிருந்து வந்த நிகில் என்ற நாலு வயதுப் பையனிடம், “வா, ஆனைக் கோயில் காட்றேன்” என்று ஒரு தடவை சொல்லிவிட்டார். பையன் வழியில் அரை டஜன் வாழைப்பழம் வாங்க வைத்தான். கோயிலை ஒரு சுற்று சுற்றினான். இரண்டாவது சுற்று. கருங்கல் முதுகுக்கு எதிரே பழத்தை நீட்டிக்கொண்டு, “தும்பிக்கை எங்கே?” என்றான். கேம்ப் ரோடு வரை அழுகை நிற்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் குழந்தை கேட்டாலும் ஒரே பதில்தான்: “எனுக்குத் தெரியாது. வண்டிக்குத்தான் தெரியும்.”

சொல்லாதவர், கேட்பதை மட்டும் விடமாட்டார். வண்டியை எடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி. கொயந்த பேரு இன்னா? கடைசியா எப்ப தூங்குச்சு? எதுக்கு அழும்? மூன்றாவது கேள்விக்கு யோசிக்காத பெற்றோர் இல்லை. பசித்தால் அழும், நாயைப் பார்த்தால் அழும், சத்தம் கேட்டால் அழும் என்பார்கள். தை பிறந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை காலை, ஹைதராபாத் ரயிலிலிருந்து இறங்கி வந்த ஷ்யாம்சுந்தர் என்பவர் வேறு பதில் சொன்னார்.

முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. கையில் ரிப்பன் கட்டிய பொம்மைப் பெட்டி. சேலையூரில் தன் மகளை ஏற்றிக்கொண்டு மாலுக்குப் போக வேண்டும், பிறகு அங்கேயே கொண்டுவந்து விட வேண்டும் என்றார். பெண்ணுக்கு நாலு வயது. பெயர் ரோஹிணி. தூக்கம் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

“செரி, எதுக்கு அழும்?”

அவர் பெட்டியின் ரிப்பனைச் சரிசெய்தார். “என்னைப் பாத்தா அழும் மேடம்.”

சந்திரிகா இன்ஜினை நிறுத்திவிட்டார். மீதியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மனைவியும் அவரும் பிரிந்து ஒன்றரை வருடம். மாதம் இரண்டு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து பகல் ஒன்றுவரை குழந்தையோடு இருக்கலாம் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. இதுவரை வந்த மூன்று தடவையும் மாலுக்கே கூட்டிப் போனார். மூன்று தடவையும் அழுதது. போன தடவை செக்யூரிட்டியிடம் போய், “அங்கிள், எங்க அம்மாக்கு போன் பண்ணுங்க” என்று கேட்டது. பதினொன்றே காலுக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டார். புதன்கிழமை மறுபடி வாய்தா. குழந்தை இப்படி அழுகிறதே, இனி வீடியோ காலோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்று கேட்கப் போகிறார்கள்.

“அவங்கமேல தப்பில்ல மேடம். குழந்தை அழுதா யாருக்குத்தான் மனசு கேக்கும்? இன்னிக்கும் அழுதுட்டாள்னா நானே சரின்னு சொல்லிடுவேன்.”

“மால் வேணாம். பொம்மையை இங்கியே வையி சார். ஏறு.”

சேலையூரில் அடுக்குமாடி வாசலில் குழந்தையின் தாத்தா அவள் கையைப் பிடித்து நின்றிருந்தார். “ஒரு மணி. அழுதா உடனே கூப்பிடுங்கோ” என்று அவர் சொன்னதில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. ரோஹிணி அழவில்லை. உதடு மட்டும் தயாராக இருந்தது. ஷ்யாம்சுந்தர் குனிந்து, “வா பட்டு” என்றார்.

“பட்டுன்னு அம்மாதான் கூப்பிடணும்.”

அவர் நிமிர்ந்துகொண்டார். சந்திரிகா இறங்கி வந்து, குழந்தையைச் சிவப்புக் கோட்டுக்கு எதிரே நிறுத்தினார். “கோட்டுக்கு மேலியா கீழியா, பாக்கலாம். ஆ… ரெண்டு விரக்கடை மேல! பெரிய ஆளு நீ.” ரோஹிணி கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினாள். முதுகுப் பையைக் கழற்றித் தனக்கும் அப்பாவுக்கும் நடுவே செங்குத்தாக நிறுத்தி வைத்தாள்.

மேடவாக்கம் தாண்டுவதற்குள் அவள் நாலு கேள்வி கேட்டாள். நாலும் சந்திரிகாவிடம்.

“எங்க போறோம் ஆன்ட்டி?”

“எனுக்குத் தெரியாது. வண்டிக்குத்தான் தெரியும்.”

“வண்டிக்கு வாயே இல்லியே?”

“ஆமா, அதனாலதான் அது ஒயுங்கா வழி பாத்துப் போவுது.”

குழந்தைக்குச் சிரிப்பு வந்தது. அதை ஷ்யாம்சுந்தர் பார்த்ததைச் சந்திரிகா கண்ணாடியில் பார்த்தார். ஷ்யாம்சுந்தரின் கை பைக்கு மேலே ஒரு தடவை நீண்டு பாதியில் நின்றது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தடவை நீண்டது. பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, அதற்குத்தான் நீட்டியதுபோல மடிக்குத் திரும்பியது.

பள்ளிக்கரணைச் சுவரோரம் வண்டி நின்றபோது மணி பதினொன்று. இடைவெளிக்குப் பத்து அடி முன்னாலேயே நிறுத்துவது வழக்கம். குழந்தையைத் தானாக நடக்கவிட்டு, தானாகக் கண்டுபிடிக்கவிட வேண்டும் என்பது அவர் முறை. ரோஹிணி இறங்கினாள். அப்பா நீட்டிய விரலைப் பார்க்காததுபோல் இரண்டு கையையும் கவுன் பைக்குள் விட்டுக்கொண்டாள். சுவருக்கு அப்பால் ஒரே கொக்கரிப்பு. தண்ணீர் அடிபடும் சத்தம். ஷ்யாம்சுந்தர் எட்டிப் பார்த்து, “அடேயப்பா!” என்றார்.

“என்னது?” குழந்தை நுனிக்காலில் நின்றாள். சிமெண்ட். குதித்தாள். சிமெண்ட். பிறகு கைகளைப் பையிலிருந்து எடுத்து, நேராகச் சந்திரிகாவைப் பார்த்து உயர்த்தினாள்.

“ஆன்ட்டி, தூக்குங்க.”

சந்திரிகா குனியவில்லை. இடுப்பில் கையை வைத்து முகத்தைச் சுளித்தார். “அய்ய, எனுக்கு முதுகு புடிச்சிகினு கீது பாப்பா. நிக்கவே முடியல.” சொல்லிவிட்டு, முதுகு பிடித்தவர் நடக்காத வேகத்தில் பத்து அடி நடந்து, சுவரின் இடைவெளியில் முதுகைச் சாய்த்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ரோஹிணி சுவரைத் தடவிக்கொண்டே அவரிடம் வந்தாள். சுவரிலும் அவர் சட்டையிலும் பார்க்க எதுவும் இல்லை. திரும்பி நடந்தாள். அந்தப் பக்கம் பறவைகள் எதற்கோ கலைந்து ஒரேயடியாகச் சத்தம் போட்டன. ஷ்யாம்சுந்தர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். உதடு தயாராவது அவருக்கும் தெரிந்தது. கைபேசியை எடுத்துவிட்டார்.

“சார்,” என்றார் சந்திரிகா உட்கார்ந்த இடத்திலிருந்தே. “அத்த உள்ள வை.”

வைத்தார். குழந்தை அப்பாவின் முழங்காலுக்கு எதிரே வந்து நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் உள்ள சுவரின் உச்சியைப் பார்த்தாள். அவருடைய உயரத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்ததுபோல இருந்தது.

“தூக்கு” என்றாள்.

தூக்கத் தெரியாமல் தூக்கினார். கவுன் சுருண்டது, ஒரு செருப்பு கீழே விழுந்தது. இடுப்பில் வைத்தார், சுவரின் விளிம்பு பாதியை மறைத்தது. “இன்னும் மேல” என்றாள். தோளில் ஏற்றினார். நாலு வயதுக் கால்கள் இரண்டு பக்கமும் தொங்க, பிடிமானத்துக்கு அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்தாள்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலையைத் திருப்பினாள். பிறகு, “பிங்க்” என்றாள்.

“ஆமா.”

“எல்லாமே பிங்க்.”

“ஆமாம்மா.”

“நீ ஆடாதே. எண்றேன்.”

அவர் ஆடவில்லை. முப்பதுக்கு மேலே அவளுக்கு எண் வராது. முப்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஐந்தாவது முப்பதில் அவர் மணிக்கட்டைத் திருப்பப் பார்த்தார். “டைம நான் பாத்துக்கறேன் சார். நீ கொயந்தய பாரு” என்று தரையிலிருந்து குரல் வந்தது.

பைனாகுலர் கழுத்தில் தொங்க ஸ்ரீரங்கன் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார். தோளில் குழந்தையோடு வெயிலில் வேர்த்து நிற்பவரைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தார்.

“என்னம்மா இது? அவர் பாவம், எவ்வளவு நேரம் சுமப்பார்? குழந்தை பாக்கறதுக்குன்னுதானே நீங்க இங்க ஒரு—”

“சார், முதுகு சார்.” சந்திரிகா குரலைத் தாழ்த்தினார். “எந்திரிக்க முடியல.”

“இன்னும் எத்தனை நேரம்?”

“ஒரு மணிக்கு சேலையூர்ல இருக்கணும். பன்னெண்டே காலுக்கு எறக்கிட சொல்றேன். அதுவரிக்கும் முடியாது.”

வாத்தியார் அவரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பைனாகுலரைக் கண்ணுக்குக் கொடுத்து, பறவைகள் இல்லாத திசையில் எதையோ மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

“அப்பா,” என்றது மேலேயிருந்து ஒரு குரல், “இருபத்திநாலு. ஒண்ணு பறந்துடுச்சு. அதை எண்ணணுமா வேணாமா?”

சந்திரிகா திரும்பிப் பார்த்தார். தன் வலது தோளுக்கு அப்பால் நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி மிச்சம் இருந்தது. அதன் வழியே தண்ணீரின் வெளிச்சம் நடைபாதையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் காக்கிச் சட்டையின் ஓரத்தை இழுத்து, அதன்மேல் விரித்துவிட்டுக்கொண்டார்.